கடவுளுக்கு முதல் துணி போட்டது யார், தெரியுமா? புதியம்புத்தூர் சொல்லும் கிறிஸ்துமஸ் ஆச்சரியங்கள்!

தூத்துக்குடி மாவட்டம், ஒட்டப்பிடாரம் தாலுகா. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பக்கம். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும், பெய்யாவிட்டால் விரிசல்தான் விளையும். இப்படிப்பட்ட மண்ணுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஊர் ஊருக்குப் பிள்ளைகளுக்கான பண்டிகைத் துணியைத் தைத்து அனுப்பும் ஊர் ஒன்று இருக்கிறது, தெரியுமா? அதுதான் புதியம்புத்தூர்! இந்தப் பக்கத்தில் ‘குட்டித் திருப்பூர்’ என்றால் யாரும் வழிகாட்டிவிடுவார்கள். கவுன், பாவாடை சட்டை, சுடிதார், நைட்டி என்று இங்கே தைத்த துணி தென்மாவட்டக் கடைகளுக்கும் போகிறது, கேரளத்துக்கும் போகிறது.

தீபாவளி முடிந்ததும் மற்ற ஊர்கள் ஓய்ந்துவிடும். இந்த ஊர் ஓயாது. அடுத்தது கிறிஸ்துமஸ், அதற்கடுத்தது பொங்கல். கட்டிங் மாஸ்டர் மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷினால் ஒரே வெட்டு. வெட்டிய பீஸ் வீடு வீடாகப் பிரிந்து போகும். ஒரு வீட்டில் உடம்பு மூட்டுவார்கள், ஒரு வீட்டில் ஓவர்லாக், ஒரு வீட்டில் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது. திண்ணையில் இருக்கும் பாட்டிக்கும் வேலை உண்டு, பிசிறு வெட்ட வேண்டுமே! டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தெருவில் நடந்தால் காதில் விழுவது இதுதான்: “அண்ணாச்சி, நெட் கவுன் பண்டல் போயிருச்சா?” “இன்னும் இருபத்திரண்டாம் நம்பருக்கு லேஸ் வைக்கலடே. ராத்திரி லாரிக்குப் போட்டுரலாம்.”

இதில் கிறிஸ்துமஸின் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் ஆச்சரியம்!

கிறிஸ்துமஸ் என்றதும் நமக்குக் கண்ணில் நிற்பது நட்சத்திரம். வீட்டு மொட்டைமாடியில் கம்பு கட்டி, வயர் இழுத்து, பேப்பர் நட்சத்திரத்துக்குள் பல்பு போட்டுத் தொங்கவிடுவோம். ஆனால் பெத்லகேம் வயல்வெளியில் இருந்த மேய்ப்பர்களுக்கு வானதூதன் சொன்ன அடையாளம் நட்சத்திரம் இல்லை, தெரியுமா? லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். நட்சத்திரம் என்ற பேச்சே அதில் இல்லை. நட்சத்திரம் மத்தேயுவில்தான் வருகிறது, அதுவும் கிழக்கே இருந்து வந்த ஞானிகளுக்கு. மேய்ப்பர்களுக்குச் சொல்லப்பட்ட அடையாளம் இரண்டே இரண்டு. ஒன்று, மாட்டுத் தீவனத் தொட்டி. மற்றொன்று, துணி! துணியில் சுற்றிக் கிடத்தியிருக்கும் பிள்ளை, அதுதான் அடையாளம்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தை மீட்க வந்தவர் என்று ஒரு பக்கம் அறிவிப்பு. அவரைக் கண்டுபிடிக்க ஒளிவட்டம் இல்லை, கிரீடம் இல்லை, சிங்காசனம் இல்லை. ஒரு துண்டுத் துணி! அதை லூக்கா ஒரு முறை எழுதியதோடு விடவில்லை. தாய் பிள்ளையைத் துணியில் சுற்றினாள் என்று ஒரு முறை, அதுவே அடையாளம் என்று தூதன் வாயால் இன்னொரு முறை. ஐந்து வசன இடைவெளியில் இரண்டு தடவை துணியைப் பற்றிப் பேசுகிறார். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த இடம் எப்படிக் காதில் விழும் என்று எந்தப் பிரசங்கியாராவது நினைத்துப் பார்த்திருப்பாரா?

சரி, வேதாகமத்தில் பிறருக்கு உடை செய்து கொடுத்த முதல் தையற்காரர் யார், தெரியுமா? கடவுளேதான்! ஆதாமும் ஏவாளும் முதலில் அத்தி இலையைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். இலை எத்தனை நாள் தாங்கும்? தோட்டத்தை விட்டு அவர்களை வெளியே அனுப்புவதற்கு முன்னால் கடவுள் தோலால் உடை செய்து உடுத்திவிட்டார் என்று ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. தண்டித்து அனுப்பும்போதும் வெறும் உடம்போடு அனுப்பவில்லை! அங்கே கடவுள் மனிதனுக்கு உடை போட்டுவிட்டார். பெத்லகேமில் ஒரு மனுஷி கடவுளுக்கு உடை போட்டுவிட்டாள். வேதாகமத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டதுபோல் இருக்கிறது அல்லவா? கிறிஸ்துமஸின் பொருள் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். கடவுள் வந்தது கொடுப்பவராக மட்டும் இல்லை, பிறர் கையால் உடுத்திவிடப்படக் காத்திருப்பவராகவும் வந்தார். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அந்தத் துணி என்ன துணி? இங்கே கதைகள் குவிகின்றன! ஜெர்மனியின் ஆகன் நகரப் பேராலயத்தில் அந்தத் துணியே இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை, தெரியுமா? 1349 முதல் ஏழாண்டுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். 2021-ல் வரவேண்டிய முறை பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2023-ல் நடந்தது. அந்தத் துணியைப் பற்றி ஜெர்மானியர்கள் நடுவே வழங்கும் பழைய கதை இன்னும் சுவையானது. குளிர் தாங்காமல் பிள்ளை நடுங்கியதாம். யோசேப்பு தன் காலில் போட்டிருந்த நீளமான காலுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாராம்! பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர அருங்காட்சியகம் ஒன்றில் 1400-ஐ ஒட்டி வரைந்த ஓவியம் இருக்கிறது. அதில் தச்சரான யோசேப்பு தரையில் உட்கார்ந்து, ஒரு காலில் உறை இல்லாமல், கத்தியால் துணியை வெட்டிக்கொண்டிருக்கிறார். வரலாறாக இதை யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பழைய துணியைக் கிழித்துப் பிள்ளைக்குச் சுற்றும் அப்பாவை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்!

ஏனென்றால் பாருங்கள், ஆயிரக்கணக்கில் குழந்தைக் கவுன் தைக்கிற ஊரிலும் பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. தாத்தாவின் பழைய வேட்டி, ஆச்சியின் நைந்த நூல்சேலை, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துணிதான் பச்சைப்பிள்ளைத் தோலுக்கு ஏற்றது. லேஸும் ஜரிகையும் வைத்த நெட் துணி குத்தும். பண்டலில் போகிற பளபளப்பு எல்லாம் அப்புறம். பெத்லகேமில் நடந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும்!

பிள்ளையைத் துணியில் சுற்றுவது ஏழைக்கு மட்டுமா? அதுவும் இல்லை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் சாலமோனின் ஞானம் என்றொரு நூல் உண்டு. அதில் அரசரே பேசுவதுபோல ஒரு பகுதி. நானும் எல்லோரையும்போல அழுதுகொண்டுதான் பிறந்தேன், துணியில் சுற்றித்தான் வளர்த்தார்கள், எந்த அரசனுக்கும் வேறு தொடக்கம் இல்லை என்கிறது அது. துணி விஷயத்தில் அரசனும் ஆண்டியும் ஒன்று. தொட்டி விஷயத்தில்தான் வேறுபாடு!

இதே இடத்தில் ஒரு பொய்யையும் உடைத்துவிடுகிறேன். ஆண்டுதோறும் டிசம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். எருசலேம் ஆலயத்துக்குப் பலியிடப் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளைப் பெத்லகேம் மேய்ப்பர்கள் துணியில் சுற்றித் தொட்டியில் வைப்பார்களாம், அதனால்தான் அவர்களுக்கு அடையாளம் உடனே புரிந்ததாம். கேட்கப் புல்லரிக்கும். ஆனால் இதற்குப் பழைய யூத நூல்களிலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்டியவர் யாரையும் நான் பார்க்கவில்லை. உண்மையே போதுமான அளவு அழகாக இருக்கும்போது ஜோடனை எதற்கு?

மேய்ப்பர் என்றதும் நம் கரிசல் பக்கத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு, தெரியுமா? வயல்வெளியில் ராத்திரி முழுக்க முறைபோட்டு ஆட்டுக்குக் காவல் இருந்தார்கள் என்று லூக்கா எழுதுவது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டிய சங்கதி. நமக்கு ஒரு சொல் போதும்: கிடை! அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் ஆட்டை ராத்திரி அடைத்துப்போட்டால் அதன் புழுக்கையும் மூத்திரமுமே அடுத்த வெள்ளாமைக்கு உரம். காட்டுக்காரர் கூலியாகப் பணமோ தானியமோ கொடுப்பார். ஆட்டுக்காரரான கீதாரி தலைப்பாகையோடு கம்பை ஊன்றிக் காவல் இருப்பார். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923-ல் பிறந்த கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார், அது பின்னால் ‘ஒருத்தி’ என்று திரைப்படமாகவும் வந்தது. அந்த உலகத்தை அறிந்தவர்களுக்குப் பெத்லகேம் மேய்ப்பர் அந்நியரே இல்லை.

இன்னொன்று கேளுங்கள். இந்த வட்டாரத்துக்கென்றே ஓர் ஆட்டினம் இருக்கிறது, வேம்பூர் ஆடு! விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் போனால் பார்க்கலாம். வெள்ளை உடம்பு, அதில் அங்கங்கே செம்மண்ணைத் தெறித்ததுபோல் திட்டுத் திட்டாகச் சிவப்பு. குடில் கட்டுகிறவர்கள் கடையில் வாங்கும் பஞ்சு ஒட்டிய வெள்ளை ஆட்டுக்குப் பதில் இந்தப் புள்ளி ஆட்டைக் களிமண்ணில் செய்து வைத்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! வைப்பாரைத்தான் காணோம்.

மேய்ப்பர்கள் வெட்டவெளியில் இருந்தார்களே, டிசம்பர் குளிரில் ஆட்டை வெளியே விட்டிருப்பார்களா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. நம் கரிசலில் மார்கழியில் காடெல்லாம் பயிர் நிற்கும், மண் காலில் அப்பிக்கொள்ளும், கிடை போட இடமே இராது. பெத்லகேமின் பருவம் வேறு. ஆனால் உண்மையில் லூக்கா மாதமும் தேதியும் சொல்லவே இல்லை, தெரியுமா? டிசம்பர் 25 அன்று ரோமில் கிறிஸ்து பிறப்பைக் குறித்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சான்று 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6-ல் கொண்டாடுகிறது, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஜனவரி 7-ல். நம் கணக்கில் பார்த்தால் மார்கழி 10, 22, 23. எப்படிப் பார்த்தாலும் மார்கழி! விடிகாலையில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கிற மாதத்தில், முந்தின ராத்திரி அதே தெருவில் கீத பவனி டிரம் அடித்துக்கொண்டு போயிருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள் வேர்த்து விறுவிறுத்து ஆட, வீட்டுக்கு வீடு ஒரு பாட்டு, ஒரு ஜெபம். தூக்கம் கெட்டதாக யாராவது சலித்துக்கொண்டால் அவர் இந்த மாதத்துக்கே பொருந்தாதவர்!

குடில் என்றேனே, அதைத் தொடங்கி வைத்தவர் அசிசி பிரான்சிஸ். இத்தாலியின் கிரெச்சோ மலையூரில் 1223 கிறிஸ்துமஸ் இரவில், உண்மையான மாடு, உண்மையான கழுதை, உண்மையான வைக்கோல் வைத்துக் காட்டினார். மாடும் கழுதையும் நற்செய்தியில் கிடையாது, தெரியுமா? மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் முன்னணையை அறியும், என் ஜனமோ அறியவில்லை என்ற பொருளில் ஏசாயா தீர்க்கதரிசி முதல் அதிகாரத்திலேயே வருந்துகிறார். அங்கிருந்துதான் அவை இரண்டும் குடிலுக்குள் நடந்து வந்தன! பிரான்சிஸின் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் இன்னொரு விவரம் தருகிறார். அந்த இரவில் தொட்டியில் பரப்பிய வைக்கோலை ஊரார் எடுத்துவைத்து, நோய் கண்ட கால்நடைகளுக்குத் தின்னக் கொடுத்தார்களாம். மனிதர்களுக்கு முன்னால் மாட்டுக்குப் பலன்! கரிசல் சம்சாரி கேட்டால் சந்தோஷப்படுவார்.

நம் பக்கக் கத்தோலிக்க வீடுகளில் குடிலுக்குச் செய்யும் ஒரு வேலையைக் கிட்டத்தில் பாருங்கள். டிசம்பர் நடுவில் ஒரு தட்டில் மண் பரப்பி, கேழ்வரகோ நெல்லோ தூவி, தண்ணீர் தெளித்து, வெயில் படாத மூலையில் வைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் வெள்ளையாக மூக்கு நீட்டும். ஒரு வாரத்தில் விரல் உயரத்துக்குப் பச்சை. 24-ஆம் தேதி அந்தத் தட்டை அப்படியே தூக்கிக் குடிலுக்கு முன்னால் வைத்தால் பெத்லகேம் வயல் தயார்! அம்மன் கொடைக்கு முளைப்பாரி போடும் அதே கை, அதே பக்குவம், அதே நடுக்கம், முளைக்குமோ முளைக்காதோ என்று!

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி என்று ஓர் ஊர். பரலோக மாதா கோயில் இருக்கும் ஊர், ஆகஸ்ட் 15-ல் திருவிழா. இத்தாலியில் 1680-ல் பிறந்து, 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, தமிழ்நாட்டு மதுரை மிஷனுக்கு வந்த ஒரு பாதிரியார் தம் தொடக்க காலத்தில் பணி செய்த ஊர் அது, தெரியுமா? அவர்தான் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. நம் வீரமாமுனிவர்! இந்தக் கரிசல் காற்றைச் சுவாசித்தவர்தான் பின்னால் தேம்பாவணி எழுதினார். 1726-ல் முடிந்த காப்பியம். மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாட்டு.

இதில் என்ன ஆச்சரியம் என்றால், காப்பியத் தலைவன் இயேசு இல்லை. யோசேப்பு! வளன் என்று அவருக்குத் தமிழ்ப்பெயர். நான்கு நற்செய்திகளையும் வரிவரியாகத் தேடிப் பாருங்கள், யோசேப்பு வாயைத் திறந்து பேசிய ஒரு சொல் கூடக் கிடைக்காது. கனவு காண்பார், எழுந்திருப்பார், செய்வார். தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போவார். பேச்சு மட்டும் கிடையாது. அப்படி ஒரு சொல்லும் பேசாத மனிதருக்கு 3,615 பாட்டு பாடியது தமிழ்! உலகத்தில் யோசேப்புக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்த மொழிகள் வேறு எத்தனை இருக்கும்? கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் மரியாளுக்கு ஒரு பங்கு, மேய்ப்பருக்கு ஒரு பங்கு, ஞானிகளுக்கு ஒரு பங்கு என்று போய், யோசேப்பு எப்போதும் குடிலில் கம்போடு ஓரமாக நிற்பவர்தான். வாய் பேசாமல் வேலை செய்கிறவர்களை ஓரத்திலேயே நிறுத்திவைப்பது நம் பழக்கம். வீரமாமுனிவர் அவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்காகவே அவரை இன்னொரு முறை கும்பிடலாம்.

திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கதை வீரமாமுனிவர் கதைக்குச் சற்றும் சளைத்ததில்லை. தஞ்சையில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். 1800-ல் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள், சிங்கன் சிங்கியைத் தேடுகிறான், எல்லாம் அச்சு அசல் குறவஞ்சிதான். ஆனால் நாயகியின் காதல் பெத்லகேம் நாதர் மேல்! அதற்குள்ளேயே கோப்பர்நிக்கஸ் சொன்ன சூரியனைச் சுற்றும் கிரகக் கணக்கையும் நுழைத்துவிட்டார் மனிதர். கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்குள் புது வானியல்! 1800-லேயே!

நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் பாலஸ்தீன வரைபடத்தை எடுப்பீர்கள். திருநெல்வேலி திருச்செந்தூர் ரயிலில் போனாலே நாசரேத் ஸ்டேஷன் வந்துவிடும், தெரியுமா? மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம், கடாட்சபுரம் என்று அந்தத் தேரிக்காட்டுப் பக்கம் ஊர்ப் பெயர்களே ஒரு பிரசங்கம்! புதியம்புத்தூருக்கும் பழைய சபை உண்டு. 1701-ல் லண்டனில் தொடங்கிய எஸ்.பி.ஜி. மிஷனரிச் சங்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே பணித்தளம் வைத்திருந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தச் சபைகள் அதில் சேர்ந்தன. 2003-ல் தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது.

சின்னச் சின்னதாய்ச் சில, ஒரே மூச்சில்! டிசம்பரில் நீங்கள் ஏற்றும் மெழுகுவர்த்திக்குத் தீக்குச்சி எங்கிருந்து? பெரும்பாலும் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம்தான். 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாய் ஆனது! கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல். தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி, இவ்வளவுதான் சரக்கு. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் எண்ணிச் சொல்லவில்லை, பரிசுகள்தான் மூன்று! பெத்லகேம் பிறப்பிடப் பேராலயத்தின் நுழைவாயில் உயரம் நாலடிதான், எந்த நாட்டு அதிபர் வந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும்!

மறுபடி துணிக்கு வருகிறேன், விட மனமில்லை. சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய் அன்னாள் ஆண்டுதோறும் தன் பிள்ளைக்கு ஒரு சின்ன அங்கி தைத்து எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போவாள் என்று வேதாகமம் சொல்கிறது. வருடத்துக்கு ஒரு அங்கி! பதினாறு, பதினெட்டு, இருபது என்று நம்பர் ஏறிக்கொண்டே போகும் புதியம்புத்தூர்க் கவுன்களைப் பார்த்தால் எனக்கு அன்னாள்தான் நினைவுக்கு வருகிறாள். பிறகு யோப்பா பட்டணத்துத் தொற்காள். அவள் இறந்தபோது ஊர் விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, இவள் எங்களுக்குத் தைத்துக் கொடுத்தது என்று ஒவ்வொரு துணியாக எடுத்துக் காட்டி அழுதார்களாம். ஒரு தையற்காரிக்கு இதைவிடப் பெரிய இரங்கல் கூட்டம் நடந்திருக்குமா? இயேசுவின் கடைசி உடைக்கும் ஒரு கதை உண்டு: மேலிருந்து கீழ்வரை தையலே இல்லாமல் நெய்த அங்கி. அதைக் கிழிக்க மனமில்லாமல் படைவீரர்கள் சீட்டுப் போட்டார்கள். பிறகு மறுபடி ஒரு துணி. பிறந்தபோது சுற்றித் தொட்டியில் கிடத்தியதை எழுதிய அதே லூக்கா, இறந்தபோது துணியில் சுற்றிக் கல்லறையில் வைத்ததையும் எழுதுகிறார். கிழக்கத்தியத் திருச்சபை ஓவியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வரையும் பிறப்புப் படத்தில் தொட்டி கல்லறைபோலவே இருக்கும், பிள்ளைத்துணி கோடித்துணிபோலவே இருக்கும்!

பஞ்சு, நூல், துணி என்று பேசினால் ஒட்டப்பிடாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1872-ல் வ.உ.சிதம்பரனார் பிறந்த ஊர். இதே தாலுகா! 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் அவர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள், தெரியுமா? கேட்டது கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு. அதோடு, வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு! ஆலை முதலாளிகள் ஞாயிறு ஆராதனை தெரிந்த பிரிட்டிஷ்காரர்கள். அவர்களிடம் ஞாயிறு ஓய்வை வாங்கிக் கொடுக்க ஒட்டப்பிடாரத்துப் பிள்ளைவாள் போராட வேண்டியிருந்தது! பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாளிலேயே வ.உ.சி. கைதானார்.

2023 டிசம்பர் 17, 18. மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! இந்த மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில்! கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெள்ளம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்போது, இருந்த அரிசியைப் பொங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லூக்காவில் வரும் ‘சத்திரத்தில் இடம் இல்லை’ என்ற பகுதியை அந்த வருஷம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நட்சத்திரமும் அலங்காரமும் குறைந்த கிறிஸ்துமஸ் அது. ஆனால் பழைய துணி, புதுத் துணி, போர்வை என்று லாரி லாரியாய் வந்ததே! அந்த வருஷம்தான் பண்டிகை தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. நாள்கூலி விடியும்வரை உன் கையில் தங்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம், தெரியுமா? லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். பீஸ் கணக்கில் தைக்கிறவர்களுக்குப் பாக்கி என்பது எல்லாப் பண்டிகையிலும் உள்ள சங்கதிதான். கவுன் கடைக்குப் போய், விற்று, பணம் திரும்பிவந்து, பிறகு கணக்கு என்று தை மாதம் வரை இழுக்கும். ஆர்டர் கொடுத்திருக்கும் கடைக்காரர்களே, வேலை வாங்கும் அண்ணாச்சிமார்களே! கேரளத்துக்குப் போன பண்டல் விற்கட்டும், விற்காமல் போகட்டும், லேஸ் வைத்தவருக்கும் காஜா எடுத்தவருக்கும் பிசிறு வெட்டிய பாட்டிக்கும் சேரவேண்டியதை 24-ஆம் தேதி சாயங்காலக் கடை திறந்திருக்கும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் விடிந்தால் ஆராதனை இருக்கிறது, ஒரு புதுத்துணி எடுக்க வேண்டும்.